‘உடை: அமயம்’ என்று அச்சாகி வந்துவிட்டது. சரியான சொல் என்ன?

வெள்ளவத்தை வாசன் | இரவு 9.12

எங்கள் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு மூன்று மொழியிலும் அழைப்பிதழ் அடித்தோம். ஆங்கிலத்தில் ‘டிரெஸ்: காஷுவல்’ என்று கடைசியில் ஒரு வரி. தமிழையும் சிங்களத்தையும் அச்சகத்துக்காரரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். பிழை என்னுடையதுதான். இன்று பின்னேரம் 300 அட்டை கைக்கு வந்தது. தமிழ்ப் பக்கத்தில் ‘உடை: அமயம்’ என்று தங்க எழுத்தில் மின்னுகிறது.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, “சமயம் எண்டு போட வந்தவன் சானாவை விட்டிட்டானோ? திருநீறு பூசிக்கொண்டு வரச் சொல்லுறியளோ?” என்று கேட்டா.

சிங்களப் பக்கம் இன்னும் மோசம். அங்கே ‘அனியம்’ என்று இருக்கிறது. கந்தோரில் பக்கத்து மேசைச் சிநேகிதன் அதைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் சிரித்தான். அனியம் என்ற சொல் சட்டைக்கு வராதாம், கள்ளத் தொடர்புக்குத்தான் வருமாம்.

அட்டையைத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும். அதற்கு முதல் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இந்த ‘அமயம்’ எங்கிருந்து வந்தது? ‘காஷுவல்’ என்பதற்குத் தமிழில் என்ன போடுவது?

பென்சன் மொழிபெயர்ப்பாளன் | இரவு 9.40

தம்பி, அச்சகத்துப் பிள்ளையைத் திட்டாதீர்கள். அவர் சொல்லை அகராதியில் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். பிழை எங்கள் ஆட்கள் பேரில். நானும் 30 வருடம் ஒரு திணைக்களத்தில் அதே சொல்லை எழுதியவன்.

அரச சுற்றறிக்கைகளில் ‘தற்காலிக, அமய, பதிலீட்டு, ஒப்பந்த ஊழியர்’ என்று ஒரு வரிசை வரும், பார்த்திருப்பீர்கள். அதில் ‘அமய’ என்பது காஷுவல். சிலர் ‘அமைய’ என்றும் எழுதுவார்கள். அமயம் என்றால் காலம், வேளை, சந்தர்ப்பம். வேலை இருக்கும் வேளைக்கு மட்டும் கூப்பிடப்படுகிற ஆள் அமய ஊழியர். அந்த இடத்தில் அருமையான சொல். அதைச் சட்டைக்கு மாட்டினால் அம்மா கேட்ட கேள்விதான் வரும்.

சிங்களத்திலும் அதே கதை. அனியம் என்பது ‘அநியம’, அதாவது நியமம் இல்லாதது. ‘அனியம் கம்கரு’ என்றால் காஷுவல் தொழிலாளி. ‘அனியம் பிரிந்த’ என்றால் வைப்பாட்டி. இரண்டு பேருக்கும் நிரந்தர நியமனம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்காரன் | இரவு 9.58

வேலைக்காகக் கொழும்பு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, இந்த ‘அமய’ என்ற சொல்லை இன்றுதான் கேள்விப்படுகிறேன். அமை என்ற வினையிலிருந்து வந்ததா ஐயா? அமைகிறபோது வேலை, அமையாவிட்டால் இல்லை?

பென்சன் மொழிபெயர்ப்பாளன் | இரவு 10.15

அழகாகப் பொருந்துகிறதுதான். ‘அமைய’ என்று ஐகாரம் போட்டு எழுதுகிறவர்கள் மனதிலும் அதுதான் இருக்கும். ஆனால் இது வடமொழி ‘சமய’. பழைய காலத்தில் தமிழுக்கு வந்த வடசொற்களில் முன்னால் நின்ற சகரம் உதிர்ந்துவிடும். சபா அவை ஆனது. சந்தி அந்தி ஆனது. சிராவணம் ஆவணி. சகஸ்ரம் ஆயிரம். சமணரை அமணர் என்று தேவாரத்தில் பார்க்கலாம். அந்த வரிசையில்தான் சமயம், அமயம். பிறகு சமயமும் தனியாக உள்ளே வந்து இரண்டும் நின்றுவிட்டன.

ஆகவே வாசன் தம்பி, சானாவை விட்டுவிட்டான் என்று அம்மா சொன்னது முழுக்கச் சரி. என்ன, விட்டவன் அச்சகத்துக்காரன் இல்லை. ஆயிரம் வருடத்துக்கும் முந்தின ஆள் யாரோ.

வெள்ளவத்தை வாசன் | இரவு 10.21

அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். “பாத்தியே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டா.

கொட்டாஞ்சேனை ஜோ | இரவு 11.05

ஒரு காலத்தில் குருமடத்தில் இருந்தவன், இரண்டு வருடம் லத்தீன் படித்தேன். சுவாமியார் ஆகவில்லை, லத்தீன் மட்டும் மிச்சம். அதை வைத்து ஒன்று சொல்லவா?

காஷுவல் என்ற சொல்லுக்கும் உடைக்கும் ஆதியில் ஒரு சம்பந்தமும் கிடையாது. லத்தீனில் ‘காதெரே’ என்றால் விழுதல். அதிலிருந்து ‘காசுஸ்’, விழுந்தது. தாயக்கட்டை விழுகிற மாதிரி, எது விழும் என்று முன்கூட்டித் தெரியாமல் நடப்பது. அதிலிருந்துதான் காஷுவல், அதாவது தற்செயலானது. ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் சோசர் அந்தப் பொருளில் எழுதியிருக்கிறார். பிறகு தற்செயலாகக் கிடைக்கும் வேலைக்குப் போனது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஏழைகள் விடுதிகளில், ஓரிரவு தங்கிவிட்டுப் போகும் வழிப்போக்கருக்கென்று ‘காஷுவல் வார்டு’ என்று தனிப் பகுதி இருந்தது. ஒழுங்கில்லாத, அக்கறையில்லாத என்ற பொருளெல்லாம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்குப் பிறகு ஏறியது. உடைக்கு வந்தது 1930களின் கடைசியில். ஆகப் புதுசு.

இதே வேரின் மற்றப் பிள்ளைகளைப் பாருங்கள். ‘சான்ஸ்’ அதுதான், பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. ‘கேஸ்’ அதுதான். ‘கேஷுவல்டி’ என்ற சொல்லும் அதுதான், தற்செயலாக நேர்ந்த இழப்பு என்று தொடங்கி, போரில் அடிபட்டவர் பட்டியலுக்குப் போய், ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. ‘ஆக்சிடென்ட்’ என்பதும் அதே காதெரே, மேலே வந்து விழுந்தது. போன வருடம் என் மச்சான் மோட்டார் சைக்கிளோடு மருதானையில் விழுந்தான். கையில் பிளாஸ்டருடன் உட்கார்ந்திருந்தவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “விழுந்தது நான், விளக்கம் உனக்கா” என்றான்.

இன்னொன்று: இலக்கணத்தில் வேற்றுமைக்கும் லத்தீனில் காசுஸ்தான் பெயர். கிரேக்கர் அதை ‘ப்தோசிஸ்’, விழுகை, என்றார்கள். லத்தீன்காரர் அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். பெயர்ச்சொல் நேராக நிற்கிறது, உருபு ஏறினால் சாய்ந்து விழுகிறது என்ற எண்ணம். நம்முடைய ஆட்கள் விழ விடாமல் ‘வேற்றுமை’ என்றார்கள்.

பென்சன் மொழிபெயர்ப்பாளன் | இரவு 11.30

ஜோ, நித்திரைக்குப் போக வந்தவனை இருத்திவிட்டீர்.

விபத்து என்ற சொல்லைப் பாரும். வி என்ற முன்னொட்டு, பிறகு ‘பத்’ என்ற வடமொழி வேர். அந்த வேருக்கும் விழுதல், போய்ச் சேர்தல் என்றுதான் பொருள். ஆபத்தும் அதே வேர், நல்ல பக்கத்தில் சம்பத்தும் அதே வேர். ஆக, கொழும்புப் பெரியாஸ்பத்திரி ஆக்சிடென்ட் சேர்விஸ் வாசலில் ‘விபத்துச் சேவை’ என்று எழுதினால் லத்தீனும் வடமொழியும் சேர்ந்து விழுந்து கிடக்கின்றன.

மதுரைக்காரன் | காலை 7.50

ஊரில் அரசு அலுவலகத்தில் காஷுவல் லீவுக்கு ‘தற்செயல் விடுப்பு’ என்று பெயர். வருஷத்துக்கு 12 நாள். ஜோ அண்ணன் சொன்ன லத்தீன் பொருள் அப்படியே அதில் இருக்கிறது, இத்தனை நாள் கவனிக்கவில்லை. எங்கப்பா தை மாதமே காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுவார், எந்த எந்த நாள் தற்செயலாக விடுப்பு எடுப்பது என்று.

உடைக்கு வந்தால், வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்துக்குக் காஷுவலாகப் போகும் வழக்கம் ஹவாயிலிருந்து வந்தது. அங்கே பூப்போட்ட சட்டை தைக்கிறவர்கள் 1960களில், வெள்ளிக்கிழமையாவது அலுவலகத்துக்கு அந்தச் சட்டையை விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாங்கியது. பிறகு 1992இல் லீவைஸ் நிறுவனம், எது காஷுவல் எது இல்லை என்று படம் போட்ட கையேட்டை ஆயிரக்கணக்கான அமெரிக்க மனிதவள அதிகாரிகளுக்கு அனுப்பியது. அவர்களுடைய காற்சட்டையும் படத்தில் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

கவிதா தெஹிவளை | காலை 8.35

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கம்பனியில் லீவுக் கணக்கு பார்ப்பது நான்தான். தனியார் கந்தோருக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு 7 நாள் காஷுவல். அரசாங்கத்தில் 21. இந்த 7க்கும் 21க்கும் நடுவில்தான் எங்கள் ஊரில் பாதிக் கல்யாணம் பேசப்படுகிறது.

‘ஸ்மார்ட் காஷுவல்’ என்று ஒரு கொடுமை இருக்கிறது, தெரியுமா? ஆம்பிளையள் கொலர் வைத்த ரீசேட்டும் டெனிமும் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள், முடிந்தது. நாங்கள் முதல் நாள் இரவே இரண்டு குழு அழைப்பு, நாலு படம். சாறி கூடிப்போகுமா, சல்வார் குறைஞ்சுபோகுமா. முதலே சாறி என்று எழுதியிருந்தால் கட்டிக்கொண்டு போயிருப்போம். விதி இல்லை என்று எழுதிவிட்டு விதியை ஒளித்துவைத்தால் எங்களுக்குத்தான் வேலை கூட.

சொல்லுக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் லத்தீனுக்குப் போய்விட்டீர்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு சொல் இருக்கிறதே, சும்மா.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசலில் ஒருவர் நிற்கிறார். கையில் மாம்பழப் பை. “என்ன, விசேஷமே?” “ஒண்டுமில்லை, சும்மா வந்தனான்.” இதுதான் காஷுவல். காரணம் இல்லை, அறிவிப்பு இல்லை, உபசாரம் வேண்டாம். (இரண்டாவது தேத்தண்ணி முடியும்போது கைமாற்று கேட்டால் அது வேறு கதை.)

“காசு வாங்கேல்லை, சும்மா தந்தவர்.” “சும்மா சொன்னனான், கோவிக்காதேங்கோ.” “சும்மா காலோட திரியாதை, முள்ளுக் குத்தும்.” “சும்மா சும்மா போன் எடுக்கிறான்.” “அவனைச் சும்மா விடமாட்டன்.” பிறகு, “சும்மா சொல்லக்கூடாது, நல்லாச் சமைக்கிறா.” ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லப் பாருங்கள், ஆறு சொல் வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: வழக்கமாகக் கூட வரவேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை. காரணமோ, விலையோ, செருப்போ, தண்டனையோ.

மலையாளத்தில் ‘சும்மா’, கன்னடத்தில் ‘சும்மனெ’. எனவே பழைய சொல். முதற்பொருள் பேசாமல் இருத்தல் என்றுதான் நினைக்கிறேன், கன்னடத்திலும் ‘சும்மனிரு’ என்றால் பேசாதே. அருணகிரிநாதருக்கு முருகன் சொன்னதும் அதுதானே, ‘சும்மா இரு சொல்லற’. அந்தச் சொல்தான் மாம்பழப் பையோடு எங்கள் வாசலுக்கும் வருகிறது. சிங்களத்தில் ‘நிக்கங்’ என்று இதே வேலையைச் செய்ய ஒரு சொல் உண்டு. “நிக்கங் ஆவே” என்றால் சும்மா வந்தேன். கொழும்பில் ஒருவரும் இதை மொழிபெயர்த்துக் கஷ்டப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கொழும்பு தெற்கு | காலை 9.02

அப்போ ‘உடை: சும்மா’ என்று போடலாமே.

கவிதா தெஹிவளை | காலை 9.04

போட்டால் சில பேர் உடையே இல்லாமல் வருவார்கள். ‘சும்மா காலோட’ என்ற உதாரணத்தை மறுபடி வாசிக்கவும்.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட் | காலை 9.30

சிவில் உடை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

கொழும்பு தெற்கு | காலை 9.33

சார், அது வாசித்தவுடன் யாரையோ பிடிக்க வருகிற மாதிரி இருக்கிறது.

ஹட்டன் கலா | பகல் 12.40

சாப்பாட்டு நேரம், வேகமாக எழுதுகிறேன்.

ஐயா சொன்ன அமய ஊழியருக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேறு சொல். ‘செக்ரோல்’ என்ற பதிவேட்டில் பேர் இருந்தால் அவர் தோட்டத்து ஆள். ஒருநாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்றுதான் கணக்கு. கொழுந்து கிலோ குறைந்தால் கங்காணி ‘அரைப்பேர்’ போட்டுவிடுவார். அம்மா சில நாள் இரவு அடுப்படியில் உட்கார்ந்து, “இன்னைக்கு அரைப்பேருதான்” என்று சொல்வது இன்னும் காதில் இருக்கிறது. மனுசருடைய பேரை எப்படிப் பாதியாக்குவது என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். பதிவு இல்லாமல், பறித்த கிலோவுக்குக் கையில் காசு வாங்கினால் அது ‘கைக்காசு’ வேலை. காஷுவல் என்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் தமிழ்ச் சொல் அதுதான்.

இப்போது எல்லா அறிக்கையிலும் ‘முறைசாரா’ என்று எழுதுகிறார்கள். முறைசாராத் துறை, முறைசாராத் தொழிலாளர். 1970களின் தொடக்கத்தில் கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர் கானாவில் அக்ரா நகரத்துச் சின்னத் தொழில்களைப் பற்றி எழுதியபோது வந்த பெயர், 1972இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கென்யா அறிக்கையில் எடுத்துக்கொண்டது. படித்திருக்கிறேன். இலங்கையில் வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தத் துறையில்தான்.

என் அண்ணன் கிராண்ட்பாஸில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். விடிய நாலரைக்குத் திறப்பார், ஒரு நாள் பிந்த மாட்டார். யாருக்குச் சீனி வேண்டாம், யாருக்குக் கடன் எவ்வளவு என்று எல்லாம் தலையில் இருக்கிறது. அவர் முறை சாராதவராம். படிவம் சாராதவர் என்றால் ஒத்துக்கொள்வேன்.

கொட்டாஞ்சேனை ஜோ | பகல் 12.58

தங்கச்சி சொன்னது லத்தீனிலும் சரிதான். இன்ஃபார்மல் என்பதில் இருப்பது ‘ஃபோர்மா’, வடிவம். நாங்கள் கந்தோரில் நிரப்புகிற ஃபோர்மும் அதே சொல். முறை என்று மொழிபெயர்த்ததால்தான் அண்ணன் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டார்.

புறக்கோட்டை நானா | பின்னேரம் 4.20

கடையில் கூட்டம் குறைந்தது, இப்பதான் முழுக்க வாசித்தேன். நம்மட தெருவில் மூட்டை இறக்க அன்றன்றைக்கு வருகிறவர்களுக்கு அமயமும் இல்லை, முறைசாராவும் இல்லை. ‘நாட்டாமை’. சிங்களத்திலும் ‘நாட்டாமி’. லொறி வந்தால் வேலை, வராவிட்டால் கை வண்டியில் சாய்ந்து படுத்திருப்பார்கள்.

மதுரைக்காரன் | பின்னேரம் 4.31

நானா, என்ன சொல்றீங்க? எங்க ஊரில் நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் சொம்போடு தீர்ப்பு சொல்கிறவர். வந்த புதிதில் மெயின் ஸ்ட்ரீட்டில் ஒருவர், “நாட்டாமை, வழிவிடு” என்று கத்தினார். முதுகில் அரிசி மூட்டையோடு ஒரு பெரியவர் என்னை இடித்துக்கொண்டு போனார். அன்றைக்குக் குழம்பியது இன்றைக்குத்தான் தெளிகிறது.

பென்சன் மொழிபெயர்ப்பாளன் | பின்னேரம் 5.10

வாசன் தம்பி அட்டையைத் திரும்ப அடிக்கப் போகிறார், ஆகவே வேலையைப் பார்ப்போம். என் கருத்து இது. காஷுவல் என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல் தேடுவது வீண். ஆங்கிலத்தில் அது விழுந்து விழுந்து ஆறு இடத்தில் கிடக்கிறது, ஐந்து இடத்தில் நம்மிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. வேலைக்கு அமய அல்லது கைக்காசு. லீவுக்கு மதுரைத் தம்பி சொன்ன தற்செயல், எங்கள் அமயத்தைவிட அது வாசித்தவுடன் விளங்குகிறது, பொறாமையோடுதான் சொல்கிறேன். பழக்கத்துக்குச் சகஜம். அக்கறை இல்லாமல் செய்தால் ஏனோதானோ, யாழ்ப்பாணத்தில் பொடுபோக்கு. வந்து போவதற்குச் சும்மா.

சகஜம் என்ற சொல்லில் ஒரு அழகு இருக்கிறது. ‘சக’ என்றால் கூட, ‘ஜ’ என்றால் பிறந்தது. கூடப்பிறந்தது. ஒருவரோடு சகஜமாகப் பழகுகிறோம் என்றால் கூடப்பிறந்த மாதிரிப் பழகுகிறோம். கூடப்பிறந்ததுகள் எங்கள் வீட்டில் பழகிய விதத்தை வைத்துப் பார்த்தால், அதை அழைப்பிதழில் போடத் துணியமாட்டேன்.

உடைக்கு மட்டும் எங்களிடம் சொல் இல்லை. காரணமும் இருக்கிறது. கந்தோருக்கு என்று தனி உடை வந்ததே வெள்ளைக்காரனோடுதான். சப்பாத்தும் களுசானும் போர்த்துக்கேயச் சொல், கந்தோர் ஒல்லாந்தச் சொல். கழற்றும்போது மட்டும் தமிழ்ச் சொல் கேட்டால் எப்படி? சொல் தேடாமல், என்ன போடலாம், என்ன வேண்டாம் என்று தமிழில் ஒரு வசனம் எழுதுங்கள்.

புறக்கோட்டை நானா | பின்னேரம் 5.25

முக்கியமான கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லையே. சாரம் (மதுரைத் தம்பிக்கு லுங்கி) கட்டலாமா? போன வருஷம் ஒரு ஹோட்டலில் கல்யாண விருந்து, அட்டையில் இதே காஷுவல்தான். பாளையங்காட்டுச் சாரம், புதுசு, இஸ்திரி போட்டது, மேலே வெள்ளைச் சட்டை. வாசலில் நிறுத்திவிட்டான். பின்னால் முழங்காலில் கிழிந்த டெனிமோடு ஒரு பெடியன் வந்தான். அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

வெள்ளவத்தை வாசன் | இரவு 8.47

அச்சகத்துக்குப் போய் வந்தேன். அந்தத் தம்பியிடம் இந்த இழை முழுவதையும் காட்டினேன். “அண்ணே, நான் சொற்றொகுதியைப் பார்த்துத்தானே போட்டனான்” என்று மனம் நொந்தார், பிறகு நாட்டாமைக் கதையில் சிரித்துவிட்டார். அட்டை முழுவதும் திரும்ப அடிக்கக் காசு இல்லை, அந்த வரிக்கு மேல் ஒட்டுவதற்குச் சின்னத் துண்டு அடித்துத் தருகிறார். சிங்களத்துக்குக் கந்தோர்ச் சிநேகிதன் எழுதித் தந்தான். தமிழில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது:

‘டை, கோட் வேண்டாம். வசதியான உடையில் வாருங்கள். சாரமும் கட்டலாம்.’

நானா, உங்களுக்கும் ஒரு அட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

புறக்கோட்டை நானா | இரவு 8.55

சரி, வாறேன். பெல்ட்டும் கட்டிக்கொண்டு வாறேன், பயப்பட வேண்டாம்.